ஒரே ஸ்ட்ரிங், ஒன்று கறுப்பு ஒன்று மஞ்சள்: கைக்கு வித்தியாசம் தெரியுமா?

தக்கலை அப்பா · வெள்ளி, இரவு 9.12

வணக்கம். வீட்டில் ஒரு வழக்கு ஓடுகிறது, தீர்ப்பு வேண்டும்.

மகளுக்கு 14 வயது, நாலு வருஷமாக டென்னிஸ் ஆடுகிறாள். ஒரே மாடல் பேட் இரண்டு வைத்திருக்கிறாள். இரண்டிலும் ஒரே கம்பெனியின் ஒரே பாலியஸ்டர் ஸ்ட்ரிங், 1.25 மி.மீ., 50 பவுண்ட் டென்ஷன் (இறுக்கம்). கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் அதற்குத் தனிச் சண்டை கிளம்பும். ஒரு பேட்டில் கறுப்பு, மற்றதில் மஞ்சள். கடையில் கறுப்பு ஒரு செட்தான் இருந்தது, அதனால் வந்த வினை.

இப்போது மஞ்சளைத் தொடவே மாட்டேன் என்கிறாள். கறுப்பில் பந்து செத்த நேரம் உட்கார்ந்து போகிறதாம், மஞ்சளில் பலகையால் அடித்த மாதிரி இருக்கிறதாம். நான் வயரிங் வேலை செய்கிறவன். "வயருக்குள்ளே போகிற கரண்டுக்கு மேல்தோல் நிறம் தெரியுமா மக்களே?" என்று கேட்டுவிட்டேன். மூன்று நாளாகப் பேச்சு இல்லை.

நிறத்தால் ஆட்டம் மாறுமா, மாறாதா?

வடசேரி ஸ்லைஸ் · வெள்ளி, இரவு 9.20

மாறாது. சாயம் சாயம்தான். அடுத்த கேள்வி.

மார்த்தாண்டம் டாப்ஸ்பின் · வெள்ளி, இரவு 9.41

அப்படி ஒரே வரியில் முடிக்காதீங்க அண்ணா. நடால் மஞ்சள் ஸ்ட்ரிங்கில் ஆடிக்கொண்டிருந்தவர்தான். 2010-இல் கறுப்பு ஆர்பிஎம் பிளாஸ்டுக்கு மாறினார், அந்த வருஷமே பிரெஞ்ச், விம்பிள்டன், யுஎஸ் மூன்றையும் அள்ளினார்.

வடசேரி ஸ்லைஸ் · வெள்ளி, இரவு 9.44

அவர் மாற்றியது நிறத்தை இல்லை, ஸ்ட்ரிங்கையே மாற்றினார். பழைய மஞ்சள் வேறு சரக்கு, ஆர்பிஎம் வேறு சரக்கு. மணவாட்டியை மாற்றிவிட்டுப் புடவை நிறம் மாறிவிட்டது என்கிறாய்.

மார்த்தாண்டம் டாப்ஸ்பின் · வெள்ளி, இரவு 9.45

உவமை கொள்ளாம். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கட்டிங் அண்ணாச்சி · வெள்ளி, இரவு 11.05

இப்போதுதான் கடை சாத்திவிட்டு வந்தேன். நாகர்கோவிலில் இருபது வருஷமாகப் பேட்டுக்கு கட்டிங், அதாவது ஸ்ட்ரிங், போடுகிறேன். பத்தில் எட்டு ஷட்டில் பேட், மீதிதான் டென்னிஸ். நிறத்தால் யாருக்கு வித்தியாசம் என்று கேட்டால், முதல் ஆள் நான்தான்.

கறுப்பு ஃபிரேமில் கறுப்பு ஸ்ட்ரிங், இரவு ஒன்பது மணி, தலைக்கு மேலே ஒற்றை டியூப்லைட். நெடுக்கே 16 இழை இழுத்து முடித்துவிட்டேன். குறுக்கே 19 போட வேண்டும், மேலே ஒன்று கீழே ஒன்று என்று பின்னிக்கொண்டே வரணும். பதினோராவது குறுக்கு வரும்போது ஒரு இடத்தில் இரண்டு இழைக்கு மேலேயே போய்விட்டிருப்பேன். மஞ்சளாக இருந்தால் அந்த நிமிஷமே கண்ணில் குத்தும். கறுப்பில் முடிச்சுப் போட்டு மெஷினிலிருந்து இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். அப்புறம் என்ன, அறுத்துவிட்டு முதலிலிருந்து. ஒரு பேட்டுக்குப் பன்னிரண்டு மீட்டர் வரை போகும், அவ்வளவும் குப்பைக்கு.

இன்னொன்று. ஆடஆட நெடுக்கு இழை குறுக்கோடு உரசி, சந்திக்கிற இடத்தில் பல் விழும். ரம்பம் அறுத்த மாதிரி சின்னப் பள்ளம். மஞ்சளில், வெள்ளையில் அது பளிச்சென்று தெரியும், "அண்ணாச்சி, இது ஆயிட்டு" என்று கொண்டுவருவார்கள். கறுப்பில் நகத்தால் தடவினால்தான் தெரியும். அதனால் கறுப்புக்காரர்கள் அறுந்து விழும்வரை ஆடுவார்கள். ரொம்ப நாள் ஆன பாலியஸ்டர் இளகிப்போய் இருக்கும். "கறுப்பு மெத்துனு இருக்கு" என்கிற பெயர் பாதி இப்படி வந்ததுதான் என்பது என் எண்ணம்.

தக்கலை சார், அந்த இரண்டு பேட்டும் ஒரே நாளில் போட்டதா?

தக்கலை அப்பா · சனி, காலை 6.30

இல்லை அண்ணாச்சி. கறுப்பு போட்டு ஐந்து வாரம் இருக்கும். மஞ்சள் போன ஞாயிறு.

வடசேரி ஸ்லைஸ் · சனி, காலை 6.33

வழக்கு தள்ளுபடி.

பாலியஸ்டர் போட்ட முதல் நாளிலேயே கணிசமாக டென்ஷன் விடும், அப்புறமும் விட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து வாரப் பேட்டையும் ஆறு நாள் பேட்டையும் வைத்துக்கொண்டு நிறத்தைக் குற்றம் சொன்னால் எப்படி? பாப்பாவின் கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, காரணம்தான் தப்பு.

கோணம் மோல்டிங் · சனி, காலை 10.15

தள்ளுபடி செய்ய அவசரப்படாதீர்கள் சார். நான் பிளாஸ்டிக் அச்சு வேலையில் இருக்கிறவன். டென்னிஸ் தெரியாது, சாயம் தெரியும்.

பிளாஸ்டிக்குக்கு நிறம் மேலே பூசுவதில்லை. மாஸ்டர்பேட்ச் என்று செறிவான குருணை வரும், அதை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்கில் மூலக்குருணையோடு கலந்து உருக்குவோம். உருகியது ஆறும்போது உள்ளே சின்னச் சின்னப் படிகங்கள் உண்டாகும். சில நிறமித் துகள்கள் அந்தப் படிகம் பிடித்து வளர விதை மாதிரி நின்றுவிடும். அப்போது சுருக்கம் மாறும்.

இது புத்தகப் பேச்சு இல்லை, தினமும் படுகிற பாடு. எச்டிபிஇ என்கிற பிளாஸ்டிக்கில் தாலோசயனின் என்ற நிறமியின் நீலமும் பச்சையும் இந்தத் தொழிலில் பெயர் போனவை. அதே அச்சு, அதே மெஷின், அதே சூடு. வெள்ளை மூடி கிண்ணென்று பொருந்தும். நீலத்துக்கு மாற்றினால் மூடி வளையும், பொருந்தாது, செட்டிங்கைத் திருப்பிப் போட வேண்டும். ஒரு லோடு நீல மூடி திரும்பி வந்த அன்றுதான் நான் இதைக் கற்றேன்.

உங்கள் ஸ்ட்ரிங் பாலியஸ்டர், அதைச் சூட்டில் இழுத்து நீட்டிப் பதப்படுத்துகிறார்கள். அங்கே விளைவு எவ்வளவு என்பது இழுக்கிற முறையைப் பொறுத்தது. கம்பெனி ஒவ்வொரு நிறத்துக்கும் செட்டிங்கைத் திருத்தினால் ஒன்றுமே தெரியாது, திருத்தாவிட்டால் தெரியும். நிறம் வெறும் நிறம்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

குலசேகரம் ஷீட் · சனி, காலை 10.50

மேலே சொன்னதற்கு ஒத்துப் பாடுகிறேன். நாங்கள் ரப்பர் ஷீட் விற்கப் போனால் வியாபாரி முதலில் செய்வது ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பதுதான். ஆர்எஸ்எஸ் (புகையிட்ட ரப்பர் ஷீட்) தரம் ஒன்று முதல் ஐந்து வரை கண்ணால்தான் பிரிக்கிறார்கள். நிறத்துக்கா காசு கொடுக்கிறான்? புகை சரியாக ஏறியதா, ஈரம் இருக்கா, கரிந்ததா என்று நிறம் காட்டிக்கொடுக்கும்.

செந்துளுவன் வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டிக்குச் சிவப்புச் சாயம் அடித்தால் செந்துளுவன் ஆகுமா? தோல் சிவப்பு என்பதால் ருசி மாறவில்லை. இனமே வேறு, தோலும் வேறு.

மார்த்தாண்டம் டாப்ஸ்பின் · சனி, காலை 10.58

காலையிலேயே பழம் பேசிப் பசியைக் கிளப்பாதீங்க.

முட்டம் தங்கூசி · சனி, மதியம் 1.20

உங்கள் டென்னிஸ் ஸ்ட்ரிங்கை என் மருமகன் காட்டினான். பார்த்தால் எங்கள் மீன்பிடித் தங்கூசி நரம்புதான், கொஞ்சம் தடிமன். எங்களுடையது நைலான், உங்களுடையது பாலியஸ்டர் என்றான், சரி.

கடலில் நிறம் மீனுக்காக. தண்ணீர் தெளிந்திருந்தால் ஒன்று, கலங்கல் என்றால் ஒன்று. கைக்கு வித்தியாசமா என்றால் எனக்குத் தெரிந்து வெயிலில்தான். கரையில் காய்கிற வலையில் கறுப்பு அதிகம் தாங்கும், நிறமில்லாதது சீக்கிரம் பொரிந்து கையில் உதிரும். கறுப்புக்குப் போடுகிற கரிப்பொடி வெயிலை உள்ளே விடாது என்று வலைக்கடைக்காரர் சொல்வார். உங்கள் பேட்டை யாரும் ஆறு மாதம் மணலில் காயப்போடப் போவதில்லை.

ஈரம் வேறு விஷயம். நைலான் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் தளரும். அதற்கு எந்த நிறமும் தப்பாது.

கோணம் மோல்டிங் · சனி, மதியம் 1.42

சரியாகச் சொன்னீர்கள். கார்பன் பிளாக் புற ஊதாக் கதிருக்கு நல்ல காவல். தண்ணீர்த் தொட்டி கறுப்பாக இருப்பதும் அதற்குத்தான்.

டிடி பிடிவாதம் · சனி, மாலை 5.05

டேபிள் டென்னிஸ் ஆள் பேசலாமா? எங்களுக்கு இந்தச் சண்டை பழசு. 1986-லிருந்து மட்டையின் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு என்பது விதி. எந்தப் பக்கம் எந்த ரப்பர் என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. 2021-லிருந்து கறுப்புக்கு எதிர்ப்பக்கம் பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பும் உண்டு. சீன ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒட்டும் தன்மையுள்ள கறுப்பை ஃபோர்ஹேண்டுக்குத்தான் வைப்பார்கள். ஒரே ரப்பரே கறுப்பில் அதிகம் ஒட்டும், சிவப்பில் கொஞ்சம் வேகம் என்று எங்கள் ஆட்கள் சத்தியம் செய்வார்கள். ரப்பரில் கலக்கிற நிறமி நேராகப் பந்தைத் தொடுகிற பரப்பில் இருக்கிறது, அதனால் நான் அதை நம்புகிறேன்.

வடசேரி ஸ்லைஸ் · சனி, மாலை 5.30

கிரிக்கெட்டையும் இழுத்துவிடுங்கள், குறை ஏன்? 2015-இல் அடிலெய்டில் முதல் பகலிரவு டெஸ்ட், 2019-இல் நம்மவர்கள் ஈடன் கார்டனில். பிங்க் பந்து வேறு மாதிரி ஆடுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஏன்? சிவப்புத் தோலுக்குச் சாயம் ஊறவைப்பார்கள், பிங்க் நிறம் நிற்க மேலே கூடுதல் பூச்சு வேண்டும். ஸ்விங்கை மாற்றுவது பூச்சு.

எழுதி முடித்த பிறகுதான் பார்க்கிறேன், நான் எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டேன்.

மார்த்தாண்டம் டாப்ஸ்பின் · சனி, மாலை 5.31

ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

பழைய மரபேட் · சனி, இரவு 8.00

அறுபதைத் தாண்டியவன் ஒரு வார்த்தை சொல்கிறேன். மரச்சட்டத்தில் ஆடத் தொடங்கியவன் நான். அப்போது உண்மையான கட், மாட்டுக் குடலில் செய்தது. தேங்காய்ப்பால் நிறம். ஈரம் ஆகாது, நம் ஊரிலோ ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. கட் நூல் நூலாகப் பிரிந்துபோகும், பாதுகாக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது.

பல வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒருவர் அதே கட்டில் கறுப்பு கொண்டுவந்து தந்தார். என் கைக்கு அது விறைப்பாகவே இருந்தது. மனப்பிராந்தி என்று சொல்வீர்கள். இருக்கலாம். ஆனால் சாயம் ஏற்ற ஒரு தடவை கூடுதலாக நனைத்துக் காயவைத்திருந்தால், குடலுக்கு அது ஒன்றுமில்லாத விஷயம் இல்லை.

டென்னிஸில் நிறத்தால் நிச்சயமாக மாறியது ஒன்று உண்டு, பந்து. 1972-இல் டிவியில் தெரிய வேண்டும் என்று மஞ்சளை அனுமதித்தார்கள், விம்பிள்டன் 1986 வரை வெள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் கண்ணுக்கு எளிது. அதைப் பழகிய பிறகு வெள்ளைப் பந்தில் ஆடினால் நேரமே பிந்தும்.

தக்கலை அப்பா · ஞாயிறு, மாலை 6.50

எல்லோருக்கும் நன்றி. மகள் இந்தப் பேச்சு முழுவதையும் படித்தாள். "செந்துளுவன் மாமா சொன்னது சரி" என்றாள். பேச்சுவார்த்தை மீண்டும் தொடங்கிவிட்டது.

இன்று ஒரு சோதனை செய்தோம். கோர்ட்டில் வலையருகே அவளை நிறுத்தினேன். கண்ணை என் தோள்துண்டால் கட்டினேன். அவள் தோழி ஒரு பேட்டை எடுத்துக் கையில் கொடுப்பாள், எது என்று சொல்லமாட்டாள். நான் இரண்டடியிலிருந்து பந்தை மட்டமாகப் போடுவேன், அவள் வாலி (தரையில் படும் முன்பே அடிப்பது) மாதிரி தடுத்துத் தள்ளிவிட்டு கறுப்பா மஞ்சளா என்று சொல்ல வேண்டும். பத்துத் தடவை. பத்தும் சரி! வடசேரி சார், என் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது தோழி ஒரு வேலை செய்தாள். பையிலிருந்து பஞ்சை எடுத்து இவள் காதில் திணித்து, மேலே ஹெட்போனையும் மாட்டிவிட்டாள். மறுபடி பத்து. ஆறு சரி, நாலு தப்பு. ஆறில் இரண்டுக்கு "தெரியல, கறுப்புன்னு வைங்க" என்றுதான் சொன்னாள்.

வடசேரி ஸ்லைஸ் · ஞாயிறு, இரவு 7.05

ஆக, இவ்வளவு நாளும் கேட்டது காதுதான். புதுசு இறுக்கம், "டிங்" என்று மேல் சுருதி. பழசு தளர்வு, "டொப்". பந்து ஸ்ட்ரிங்கில் தங்குவது சுமார் ஐந்து மில்லிசெகண்ட். கைக்குச் சேதி போய் மூளைக்கு எட்டும்போது பந்து கிளம்பிப் போயிருக்கும். "உட்கார்ந்து போகுது" என்று நாம் சொல்வதில் பாதி சத்தம்தான். ஸ்ட்ரிங்கில் மாட்டுகிற ரப்பர் டேம்பனர் இருக்கிறதே, அது சத்தத்தைத்தான் கொல்லும், ஃபிரேம் அதிர்வைத் தொடாது. அதைக் கழற்றினால் முழங்கை வலிக்கிறது என்று சொல்பவர்கள் எத்தனை பேர்!

கட்டிங் அண்ணாச்சி · ஞாயிறு, இரவு 10.40

சோதனை கொள்ளாம். ஆனால் வயசு வித்தியாசம் இன்னும் நடுவில் நிற்கிறது. சார், இரண்டையும் கடைக்குக் கொண்டுவாங்க. ஒரே மெஷினில், ஒரே நாளில், ஒரே கையால் போட்டுத் தருகிறேன். கறுப்பு ஒரு செட் வந்திருக்கிறது. கூலி ஒன்றுக்கு மட்டும் போதும், மற்றது என் ஆசைக்கு. கோணம் தம்பி, உங்கள் பட்டறையில் மைக்ரோமீட்டர் இருக்குமே?

கோணம் மோல்டிங் · ஞாயிறு, இரவு 10.52

இருக்கிறது அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொண்டுவருகிறேன்.

கோணம் மோல்டிங் · செவ்வாய், இரவு 9.30

அளந்தாகிவிட்டது. போடும் முன்பே, இழுக்காத நூலில். ஒவ்வொன்றிலும் ஐந்து இடம். மஞ்சள் எல்லா இடத்திலும் 1.25-ஐ ஒட்டியே வந்தது. கறுப்பு 1.22, ஒரு இடத்தில் 1.21. இரண்டு பாக்கெட்டிலும் அச்சிட்டிருப்பது 1.25 தான்.

இது நிறத்தின் வேலையா, அந்த லாட்டின் வேலையா என்று ஒரு பாக்கெட்டை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று கறுப்பு லாட், மூன்று மஞ்சள் லாட் கையில் இருந்தால் சொல்வேன்.

வடசேரி ஸ்லைஸ் · செவ்வாய், இரவு 9.36

நூற்றில் மூன்று பங்கு மில்லிமீட்டர் கைக்குத் தெரியுமா?

கட்டிங் அண்ணாச்சி · செவ்வாய், இரவு 9.58

தெரியும் ஆட்களுக்குத் தெரியும். 1.25-இலிருந்து 1.20-க்கு மாறுகிறவர்கள் முதல் பத்துப் பந்திலேயே சொல்லிவிடுவார்கள். இது அதில் பாதிக்கு மேல்.

இன்னொன்றும் கவனித்தேன். இழுக்கும்போது கறுப்பு கையில் வழுக்கிக்கொண்டு போகிறது, மஞ்சள் கொஞ்சம் பிடிக்கிறது. மேலே ஏதோ பூச்சு வித்தியாசம். வழுக்கினால் நெடுக்கு இழை பக்கவாட்டில் நகர்ந்து சட்டென்று திரும்பும், சுழல் அதில்தான் வருகிறது. பூச்சு தேய்கிறவரைக்கும் ஒரு வாரம் பத்து நாள் அந்தச் சுகம் இருக்கும்.

தக்கலை அப்பா · வியாழன், இரவு 8.15

புதுசாகப் போட்ட இரண்டையும் இன்று சோதித்தோம். கண்ணைக் கட்டி, காதையும் அடைத்து, இருபது தடவை. பதினான்கு சரி. பூவா தலையா போட்டாலும் எப்போதாவது இப்படி விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கையைத் தூக்கி யோசித்துச் சொன்ன விதத்தைப் பார்த்தால் சும்மா சொன்ன மாதிரித் தெரியவில்லை.

அப்புறம் கண்ணைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் ஆடினாள், பெரும்பாலும் கறுப்பில். "அப்பா, மஞ்சளில் என் ஃபோர்ஹேண்ட் ஒண்ணும் மோசமில்லை, ஆனா அதை எடுத்தாலே எனக்குக் கை கொஞ்சம் இறுகுது" என்றாள். இதற்கு மைக்ரோமீட்டர் இருக்கிறதா கோணம் தம்பி?

பழைய மரபேட் · வியாழன், இரவு 8.40

இறுகிய கைக்கு 50 பவுண்ட் 55 மாதிரி இருக்கும். பிள்ளைக்குக் கறுப்பையே போட்டுக் கொடுங்கள்.

வடசேரி ஸ்லைஸ் · வியாழன், இரவு 8.43

"மாறாது" என்று முதல் நாள் எழுதியதை "சாயத்தால் மட்டும் மாறாது" என்று திருத்திக்கொள்கிறேன். இதற்கு மேல் ஒரு சொல்கூட இறங்கிவரமாட்டேன்.

மார்த்தாண்டம் டாப்ஸ்பின் · வியாழன், இரவு 8.44

போதும் அண்ணா, இதுவே பெரிசு.

கட்டிங் அண்ணாச்சி · வியாழன், இரவு 10.50

தக்கலை சார், கறுப்பு 200 மீட்டர் ரீலாகவே சொல்லிவிடட்டுமா? பாப்பா ஒருத்திக்கு அது பதினாறு தடவைக்கு வரும், எல்லாம் ஒரே லாட்டாகவும் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. பேட்டைப் பகலில் கொண்டுவரணும். இல்லை என்றால், வயரிங் ஆள்தானே நீங்கள், மெஷினுக்கு நேர் மேலே இன்னொரு லைட் போட்டுத் தந்துவிட்டுப் போங்கள்.

தக்கலை அப்பா · வெள்ளி, காலை 6.10

ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வருகிறேன் அண்ணாச்சி.